கத்தரிக்காயில் அச்சுக்கோடு

கடவுள் இருக்கிறார் என்று சாதித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இல்லை என்று சாதித்தவர்களோடு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறேன். ஆனால் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸை ஒரு கண்ணில் வைத்துக்கொண்டு, கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி அவரைத் தேடிய ஆள் இந்தப் பூமியிலேயே ஒருவன்தான். அவன் மேட்டுப்பாளையத்தில் எங்களோடு வேலை பார்த்தான்.

மேட்டுப்பாளையம் என்றதும் ஊட்டிக் குளிரை நினைத்துவிடாதீர்கள். இது புதுச்சேரி மேட்டுப்பாளையம், தொழிற்பேட்டை. இங்கே குளிராக இருப்பது மேனேஜர் அறை மட்டும்தான். மருந்து பாட்டில்களுக்கு மூடி செய்யும் தொழிற்சாலை எங்களுடையது. நான் டிஸ்பேட்ச், அதாவது மூடிகளை லாரியில் ஏற்றி அனுப்புகிறவன். அவன் தரப் பரிசோதனை, அதாவது ஏற்றியதை எல்லாம் இறக்கச் சொல்கிறவன். எங்கள் நட்பு இப்படித்தான் ஆரம்பித்தது.

எல்லாரும் அவனைக் 'கோட்டுக்காரன்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் சேர்ந்த முதல் நாள், கோட்டுக்காரனிடம் கையெழுத்து வாங்கி வா என்று மேனேஜர் அனுப்பினார். கோட்டும் சூட்டுமாக ஒரு பெரிய மனிதரைத் தேடி தொழிற்சாலை முழுக்க அலைந்தேன். கடைசியில் அரைக்கைச் சட்டையும் ரப்பர் செருப்புமாக, ஒரு மூடியை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். அவன் போட்ட கோட்டு இல்லை அது, பார்த்த கோடு.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தினால் மூடி வரும். அச்சுக்கு இரண்டு பாதி, அதில் வரிசையாகக் குழிகள், ஒரு குழிக்கு ஒரு மூடி. இரண்டும் சேர்கிற இடத்தில் மூடியின் மேல் மயிரிழை போல ஒரு கோடு விழும். உருகிய பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடத்தில் ஒரு புள்ளி நிற்கும். எவ்வளவு பெரிய கம்பெனி செய்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் போகாது. நம் கண்ணுக்குத் தெரியாது, அவன் கண்ணுக்குத் தெரியும். சாலையில் கிடக்கும் மூடியை எடுத்துப் பார்த்து, இது நம்ம மூணாம் நம்பர் அச்சு, ஏழாவது குழி, தீபாவளிக்கு முன்னாடி அடிச்சது என்பான். போய் ரெஜிஸ்டரைப் பார்த்தால் அப்படியேதான் இருக்கும்.

இந்தத் திறமையோடு சும்மா இருந்திருக்கலாம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டில் கேன்டீன் அக்கா அவரைக்காய்ப் பொரியல் வைத்தாள். நறுக்காமல் தவறிப்போன ஒரு முழு அவரைக்காய் அவன் தட்டில் விழுந்தது. எடுத்தான், பார்த்தான், லென்ஸை மாட்டினான். சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டான்.

"அண்ணே, அவரக்காயில கோடு இருக்கு."

இருக்கட்டும், சாப்பிடு என்றேன். அவன் விடவில்லை. காயின் இரண்டு ஓரத்திலும் கோடு ஓடுகிறது, இரண்டு பாதியும் அதில்தான் சேர்கிறது, காம்பு இருக்கிற இடம் சரக்கு உள்ளே போன இடம் என்றான். அச்சு இருந்தால் அச்சு செய்தவன் ஒருத்தன் இருந்தாக வேண்டும், அதை நிரூபிக்காமல் ஓயமாட்டேன் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டான். இத்தனைக்கும் அவன் சாமி கும்பிடுகிறவனும் இல்லை, கும்பிடாதவனும் இல்லை. பரிசோதனை முடியாத சரக்கு மாதிரி நடுவில் நின்றவன்.

அன்றிலிருந்து எங்கள் கேன்டீன் இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் கேன்டீன் அக்கா. வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கேற்றுகிறவள். இன்னொரு பக்கம் ஃபிட்டர் ஆறுமுகம், வாரத்தில் ஆறு நாள் கறுப்புச் சட்டை போடுகிறவர். ஏழாவது நாள் அது துவைக்கப் போயிருக்கும். எல்லாம் லட்சக்கணக்கான வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மாறி வந்தது, நடுவில் யாரும் கை வைக்கவில்லை என்பது ஃபிட்டர் கட்சி. கோட்டுக்காரன் இரண்டு பேரையும் பார்த்து, ரெண்டு பேருமே அளக்காம பேசறீங்க என்பான்.

அவன் அளந்தான். நிலக்கடலைக்குக் கோடு உண்டு. புளியங்காய்க்கு உண்டு. கத்தரிக்காய்தான் அவனைப் படாதபாடு படுத்தியது. ஒரு கிலோ வாங்கி வந்து மூன்று நாள் பார்த்தான். கோடு கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்துவிட்டாள். அடுத்து மனிதனிடம் வந்தான். மனிதனுக்குத் தொப்புள்தான் சரக்கு உள்ளே போன புள்ளி என்று அறிவித்தபோது, கேன்டீனே ஒரு நிமிஷம் சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டது. அக்கா மட்டும் அசையவில்லை. மூன்று பிள்ளை பெற்றவள்.

"அது நான் வெச்ச புள்ளிடா. மூணு பேருக்கும் நான்தான் வெச்சேன். அதுக்கெல்லாம் சாமிய இழுக்காத" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னைப் பிள்ளைச்சாவடிக் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். படகுகள் கரை சேர்ந்திருந்தன, மீனைக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் நாக்கு மீன் ஒன்றைப் பார்த்துவிட்டான். தட்டையான மீன், இரண்டு கண்ணும் ஒரே பக்கம். உடனே ஒரு சீட்டில் தப்பு என்று எழுதிக்கொண்டான். அசெம்பிளியில் தப்பு நடந்திருக்கிறது, இதை எப்படி வெளியே விட்டார்கள் என்று மீன்கார அம்மாவிடமே முறையிட்டான். அந்த அம்மா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அது தரையில படுத்துக் கிடக்கிற மீனு தம்பி, கீழ ஒரு கண்ணு வெச்சா மண்ணுதான் போகும் என்றார். இவன் அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். தப்பு என்று எழுதி வைத்ததை அடித்தான்.

மறுநாள் கேன்டீனில் இதை ஒரு வெற்றியாகச் சொன்னபோது ஃபிட்டர் போனைத் தேய்த்து ஒரு செய்தி எடுத்தார். அந்த மீன் பிறக்கும்போது மற்ற மீன் மாதிரி பக்கத்துக்கு ஒரு கண்ணோடுதான் பிறக்கிறது, வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கம் வந்து சேர்கிறது. திட்டம் போட்டுச் செய்தவன் ஒருத்தன் இருந்தால் முதலிலேயே ஒரே பக்கம் வைத்திருக்க மாட்டானா, ஏன் இப்படிப் பழைய மீனை ஒட்டுப்போட்டுச் சரிசெய்யணும் என்று கேட்டுவிட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எல்லாரும் அசந்துபோனோம். அக்கா ரசம் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"சரி, நகத்தறது யாரு?"

அன்று ஃபிட்டர் மோர் வாங்காமலே எழுந்து போனார்.

இதெல்லாம் சாப்பாட்டு நேரத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சென்னையில் ஒரு மருந்து கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒருவர் வந்தார். அவர் சரி என்று சொன்னால்தான் எங்களுக்கு அடுத்த வருஷ ஆர்டர். முகம் ஒரு பக்கம் வீங்கியிருந்தது, வாயைத் திறந்து சிரிக்கவே இல்லை. மேனேஜர் பயந்துபோய்ப் பின்னாலேயே நடந்தார். தணிக்கையாளர் பரிசோதனை ரெஜிஸ்டரைக் கேட்டு வாங்கினார். நல்ல தடிமனான, கம்பெனி முத்திரை போட்ட ரெஜிஸ்டர். புரட்டினார். நடுவில் நான்கு பக்கத்துக்குக் கோட்டுக்காரன் கையெழுத்தில் இப்படி இருந்தது:

முட்டை: தேர்ச்சி. பேக்கிங் சிறப்பு.

பலாப்பழம்: பேக்கிங் மிகை. திறப்பதற்குக் குறிப்பு எதுவும் இணைக்கப்படவில்லை.

மனிதத் தொண்டை: காற்றுக்கும் சோற்றுக்கும் ஒரே வழி. யார் ஒப்புதல் கொடுத்தது என்று விசாரிக்கவும்.

பல்: ஸ்பேர் ஒருமுறைதான் தரப்பட்டுள்ளது, அதுவும் ஆறு வயதில்.

கடைவாய்க் கடைசிப் பல்: இடம் இல்லாத இடத்தில் கூடுதல் உறுப்பு. நிராகரிக்கப்பட்டது.

பலாப்பழம் எந்தக் கஸ்டமருக்கு என்று அவர் நிதானமாகக் கேட்டார். மேனேஜர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கோட்டுக்காரன் கொஞ்சமும் தயங்காமல், அது இன்னும் முடிவாகலைங்க, செஞ்சவர் யாருன்னு தெரிஞ்சா அவருக்குத் திருப்பி அனுப்பலாம்னு இருக்கேன் என்றான். தணிக்கையாளர் இன்னொரு முறை பக்கத்தைப் படித்தார். அவர் விரல் கடைசி வரியில் வந்து நின்றது. இன்னொரு கை வீங்கிய கன்னத்துக்குப் போனது. அந்தப் பல்லைத்தான் இரண்டு நாள் முன்னால் பிடுங்கியிருக்கிறார்கள்.

நிராகரிச்சது ரொம்பச் சரி என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆர்டர் கிடைத்தது. இனிமேல் ரெஜிஸ்டரில் மூடி தவிர வேறு எதையும் எழுதக் கூடாது என்று மேனேஜர் அவனுக்குத் தனியாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தார்.

இப்படி உலகத்தையே சோதித்துக்கொண்டிருந்தவனுக்கு முப்பத்தாறு வயதில் கண் மங்க ஆரம்பித்தது. லென்ஸுக்கே லென்ஸ் தேவைப்பட்டது. நேரு வீதிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனோம். அங்கே கண் சோதித்துக் கண்ணாடி எழுதித் தருகிற பெண் ரோஸ்லின். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் குடும்பம். அதிகம் பேசமாட்டாள், பேசினால் குறிப்பெடுத்துக்கொள்ளலாம் போல இருக்கும்.

அவள் அவன் மூக்கில் சோதனைச் சட்டத்தை மாட்டி, கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றிப் போட்டாள். இவனுக்கோ கண் என்றால் உயிர். எத்தனை மாதமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. தானே திறந்து மூடுகிற கதவு, தானே கழுவிக்கொள்கிற கண்ணாடி, வெளிச்சத்துக்குத் தகுந்தபடி தானே சுருங்குகிற துவாரம், எந்த கேமரா கம்பெனிக்காரனாலும் முடியாது, இதற்குப் பின்னால் ஒரு கை இல்லாமல் இருக்க முடியுமா என்று கால் மணி நேரம் பேசினான். அவள் சீட்டில் எண்களை எழுதிக்கொண்டே, நிமிராமல் கேட்டாள்.

"அவ்ளோ நல்லா செஞ்சிருந்தா, நீங்க ஏன் சார் இங்க வந்தீங்க?"

நான் திரும்பிக்கொண்டு, மாட்டியிருந்த ஃபிரேம்களைப் பார்ப்பது போல நின்றேன். அவள் அதோடும் விடவில்லை. ஒரு காகிதத்தில் பெருக்கல் குறி ஒன்றும், கொஞ்சம் தள்ளி வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளியும் போட்டு, இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால் பெருக்கல் குறியையே பார்க்கச் சொல்லி, காகிதத்தை மெல்ல முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். ஓர் இடத்தில் புள்ளி காணாமல் போயிற்று. கண்ணுக்குள்ளே படம் விழுகிற திரையில், நரம்பு வெளியே போவதற்காக ஒரு ஓட்டை உண்டு, அந்த இடத்தில் எதுவும் தெரியாது என்று விளக்கினாள்.

கோட்டுக்காரன் அந்தக் காகிதத்தை வாங்கி, கடை வாசலில் நின்று பத்து தடவை பார்த்தான். பத்து தடவையும் புள்ளி போயிற்று. வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னான். சோதிக்கிற கருவியிலயே ஓட்டை இருக்குண்ணே.

ஒரு வாரம் அவன் எதையும் நிராகரிக்கவில்லை. எனக்கு வேலை சுலபமாகப் போனது, ஆனால் பயமாக இருந்தது. அக்கா ஒரு முழு அவரைக்காயை வேண்டுமென்றே அவன் தட்டில் வைத்துப் பார்த்தாள். லென்ஸை எடுக்காமலே சாப்பிட்டுவிட்டான். ஃபிட்டர்கூட, ஏதாவது எதிர்த்துப் பேசுடா, எனக்குச் சோறு இறங்கல என்றார்.

எட்டாம் நாள் கண்ணாடி தயார் என்று கடையிலிருந்து போன் வந்தது. போனோம். அவள் புதுக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிட்டாள். அவன் அதைச் சரிசெய்தபடி, ஒரு வாரமாகச் சோதித்ததன் முடிவைத் தரப் பரிசோதனை அறிக்கை வாசிக்கிற குரலில் சொன்னான்.

"ஒரு கண்ணுல இருக்கிற ஓட்டைய இன்னொரு கண்ணு மூடிடுதுங்க. ரெண்டும் சேந்து இருந்தா ஒண்ணும் தெரியல. தனியா இருந்தாத்தான் கஷ்டம்."

அவன் கண்ணைப் பற்றி மட்டும்தான் சொன்னான், நான் சத்தியம் செய்வேன். ஆனால் ரோஸ்லின் முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அதன் பிறகு அவன் கண்ணாடி வாரத்துக்கு இரண்டு முறை ஸ்க்ரூ லூசானது. மூடி பரிசோதிக்கிறவனுக்கு ஒரு ஸ்க்ரூவை முறுக்கத் தெரியாதா என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து ரோஸ்லின் அப்பாவைப் பார்க்கப் போனோம். அவனுடைய வீட்டார் வில்லியனூர்ப் பக்கத்தில் விவசாயம். பொண்ணு வேற மதம், வேற நாட்டு பாஸ்போர்ட் என்று தயங்கி, முதலில் நீ போய்ப் பேசிட்டு வா என்று என்னைத்தான் கூட அனுப்பினார்கள். பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். வீடு சாரம் பகுதியில். தினமும் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்கிறவர், கோபக்காரர், கடவுள் விஷயத்தில் மட்டும் விளையாடாதீர்கள் என்று ரோஸ்லின் இரண்டு முறை எச்சரித்திருந்தாள். கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டால் 'உண்டுங்க' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வண்டியில் போகும்போது வழி முழுக்க அவனை அதைச் சொல்ல வைத்துக்கொண்டே போனேன். ஒரு சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எங்களைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னான்.

சொல்தா உள்ளேயிருந்து நடந்து வந்து, முதுகை வளைக்காமல் நாற்காலியில் உட்கார்ந்தார். எங்களுக்குக் காபி வந்தது. வேலையைக் கேட்டார், ஊரைக் கேட்டார். பிறகு கேட்டார்.

"கடவுள் நம்பிக்கை உண்டா, தம்பி?"

அவன் என்னைப் பார்த்தான். கதவோரம் நின்ற ரோஸ்லினைப் பார்த்தான். 

"பரிசோதனை நடந்துக்கிட்டிருக்குங்க."

ரோஸ்லின் கண்ணை மூடிக்கொண்டாள். நான் காபியை எந்தப் பக்கம் விழுங்குவது என்று தெரியாமல், காற்றுப் போகிற வழியில் விழுங்கி இருமினேன். சொல்தா மட்டும் அசையாமல், என்ன பரிசோதனை என்று கேட்டார். அவன் ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்துவிட்டான். அச்சு, கோடு, புள்ளி, அவரைக்காய், நாக்கு மீன். செய்யப்பட்ட பொருள் எதுவாக இருந்தாலும் செய்தவன் அடையாளம் அதில் இருக்கும், அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன், இன்னும் முடிவு வரலை, வராம உங்ககிட்ட உண்டுன்னு கையெழுத்துப் போட முடியாது என்றான்.

சொல்தா குனிந்து, இடது கால்சட்டையை மெல்ல மேலே சுருட்டினார். முழங்காலுக்கு மேலிருந்தே செயற்கைக் கால். ராணுவத்தில் ஜீப் கவிழ்ந்து போன காலுக்குப் பதிலாக பிரான்ஸில் செய்து மாட்டியது. அவர் நடந்து வந்தபோது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. இதைச் சோதிச்சுப் பாரு என்றார்.

பெண் கேட்கப் போனவன் தரையில் மண்டியிட்டு, சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்து, மாமனார் ஆகப்போகிறவரின் காலுக்குள் தலையைவிட்டதை நான் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். கோட்டைக் கண்டுபிடித்தான். கம்பெனி முத்திரையைக் கண்டுபிடித்தான். மூட்டை மடக்கி நீட்டிப் பார்த்து, அருமையான வேலை என்று அவனாகவே சொல்லிக்கொண்டான். அடுத்து வலது பக்கமும் சுருட்டச் சொல்லி, அந்தக் காலையும் மடக்கி நீட்டிப் பார்த்தான். கோடு இல்லை, முத்திரை இல்லை.

"எந்தக் கால் நல்ல கால்?" என்று சொல்தா கேட்டார்.

ரோஸ்லின் கதவுக்குப் பின்னாலிருந்து வலப்பக்கம் வலப்பக்கம் என்று கையைக் காட்டினாள். அவன் பார்க்கவில்லை. சோதனை என்று வந்துவிட்டால் அவனுக்கு வேறெதுவும் தெரியாது.

"மூட்டை வெச்சுச் சொல்லணும்னா இடதுதாங்க. வலது மூட்டு தேஞ்சிருக்கு. சத்தம் வருது."

நான் எழுந்துகொள்ளத் தயாரானேன். ஆனால் அந்த மனிதர் சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு நாற்காலி, பிறகு மேஜையில் இருந்த காபித் தட்டு. "வுவாலா" என்று பிரெஞ்சில் என்னவோ சொல்லி உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டார். பத்து வருஷமாக வலது முழங்கால்தான் அவரைத் தூங்கவிடாமல் வதைக்கிறதாம். அது கடவுள் கொடுத்த கால் என்பதால் யாரிடமும் குறை சொல்லாமல் இருந்திருக்கிறார்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இந்தக் கால்ல செஞ்சவன் பேரு இருக்கு, அந்தக் கால்ல இல்ல, ஏன்னு நினைக்கிற என்று கேட்டார். கோட்டுக்காரன் இரண்டு காலையும் இன்னொரு முறை மாற்றி மாற்றிப் பார்த்தான்.

"தெரியலைங்க" என்றான். அவன் வாயிலிருந்து நான் அதுவரை கேட்காத வார்த்தை.

"எனக்கும் தெரியாது. நான் நம்பறேன், நீ தேடு. என் பொண்ணுக்காகக்கூட நீ பொய் சொல்லல. அது போதும்" என்றார் சொல்தா.

கல்யாணம் மாதா கோயிலில் ஒன்று, வில்லியனூரில் ஒன்று என்று இரண்டு முறை நடந்தது. கோயிலில் கையில் கொடுத்த மெழுகுவத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவனை, ரோஸ்லின் முழங்கையால் இடித்து நிறுத்தினாள். அடுத்த வருஷம் அவளுக்கு பிரான்ஸில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை கிடைத்து இரண்டு பேரும் போய்விட்டார்கள். அவனுக்கும் அங்கே ஒரு மூடித் தொழிற்சாலை அகப்பட்டது. பாட்டில் இருக்கிற ஊரில் எல்லாம் மூடியும் இருக்கும்.

அவன் போன பிறகு வந்த பையன் நல்லவன். எல்லாவற்றையும் பாஸ் செய்கிறான். கேன்டீனில் அக்காவும் ஃபிட்டரும் எதிரெதிரே உட்கார்ந்து வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள்.

போன மாதம் ஒரு நாள் மதியம், சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு உட்காரப் போகும்போது அவன் போன். அங்கே காலை நேரம். வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கிறான். பனி கொட்டுகிறதாம், சட்டைக் கையில் விழுந்ததை லென்ஸில் பார்த்தானாம். மூச்சிரைத்தது.

"அண்ணே, ஆறு முனைண்ணே. ஒவ்வொண்ணுலயும் ஆறு. ஆனா ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. நாம லட்சம் மூடி ஒரே மாதிரி அடிக்க ஒரு அச்சு வேணும். இது எல்லாம் வேற வேற, அச்சே இல்ல. யாரும் செய்யாம இப்படி வருமா, இல்ல யாரோ ஒருத்தன் ஒவ்வொண்ணா உக்காந்து செய்யறானா? பாக்கறதுக்குள்ள கரைஞ்சுடுதுண்ணே."

பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் உன்னை என்ன நினைப்பார்கள் என்று கேட்டேன். எல்லாரும் கொஞ்சம் தள்ளி நிக்கறாங்க என்றான். ரோஸ்லினிடம் சொல்லக் கூடாதா என்றேன். அவ வேலைக்குப் போயிட்டா, சாயங்காலம் சொல்லுவேன், ஆனா அதுவரைக்கும் தாங்காதுண்ணே, உடனே சொல்றதுக்கு எனக்கு உங்கள விட்டா யாரு இருக்கா என்றான்.

வாசலில் லாரி வந்து ஹாரன் அடித்தது. டிஸ்பேட்ச்காரன் லாரியைக் காக்க வைக்கக் கூடாது. டிரைவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிற்கச் சொல்லிவிட்டு, தட்டை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"ம், ஆறு முனை. மேல சொல்லு" என்றேன்.